எந்த விரலில் குத்தினாய், மச்சான்?

செஞ்சி
22.9.2025

அன்புள்ள மாமாவுக்கு, பீமாராவ் எழுதுவது.

மூன்று நாளாக உங்கள் நம்பருக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ரிங்கிலேயே நின்றுவிடுகிறது. "மாமா, நைனா ஒன்ன பிளாக் பண்ணிட்டாரு" என்று உங்கள் மகள் நிலா சொன்னாள். எட்டு வயதுக் குழந்தைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. அதனால் அக்காவிடம் உங்கள் போர்வெல் கம்பெனியின் வடக்கே கோண்டாகாவில் உள்ள ஆபீஸ் விலாசத்தை வாங்கி இதை எழுதுகிறேன். போனைப் போலக் கடிதத்தை நடுவில் வெட்ட முடியாது. கிழிக்கலாம். ஒருமுறை படித்துவிட்டுக் கிழியுங்கள்.

நீங்கள் ரிக் வண்டிக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்ததையும், அங்கே ரத்தம் பார்த்து மலேரியா என்று சொன்னதையும் அக்கா அழுதுகொண்டே சொன்னாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகஸ்டு 31ஆம் தேதி குத்தகை நிலத்தில் மல்லாட்டைக்கு மண் அணைத்த அன்று நடந்ததை நினைத்தால் உடம்பு கூசுகிறது. நீங்கள் வரப்போரம் வேப்பமரத்தடியில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தீர்கள். "நேத்து ரெண்டு தட்டு சோறு துன்னுட்டு நல்லாத்தான இருந்தாரு? வேலைன்னா மட்டும் குளுருதா? லீவு லெட்டர் குடுத்துட்டு வர்ற ஜொரமா இருக்குது" என்று என் நைனா சொன்னார். வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

நீங்கள் நடிக்கவில்லை மாமா. அதை விளக்கவே எழுத உட்கார்ந்தேன். கொசு கடித்ததும் மலேரியாக் கிருமி முதலில் ஈரலில் போய் ஒளிந்துகொள்ளும். அப்போது காய்ச்சல் இருக்காது. பிறகு ரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களுக்குள் புகுந்து பெருகும். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அந்த அணுக்களெல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெடிக்கும். உள்ளே இருந்த கிருமியும் அதன் கழிவும் ரத்தத்தில் கொட்டும். அதைப் பார்த்தவுடன் நம் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொள்கிறது. வெள்ளையணுக்கள் சில ரசாயனங்களை விடுகின்றன. அவை மூளைக்குப் போய் உடம்பின் சூட்டை ஏற்றச் சொல்கின்றன. மூளை ஏற்றச் சொன்ன அளவுக்குச் சூடு வரும்வரை உடம்புக்குக் குளிர்கிறது, தசைகள் நடுங்குகின்றன. அந்த நடுக்கமே சூட்டை உண்டாக்குகிறது. பிறகு கொதிக்கும், பிறகு வேர்க்கும், பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அடுத்த கூட்டம் வெடிக்கும் வரை பசிக்கும், சிரிப்பு வரும், ரெண்டு தட்டு சோறும் இறங்கும்.

காய்ச்சலைக் கிருமி உண்டாக்குவதில்லை. உங்கள் உடம்பே உங்களைக் காப்பாற்ற மூட்டுகிற தீ அது. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது உங்கள் சோம்பலால் அல்ல. இதை நான் நைனாவுக்கும் அக்காவுக்கும் விளக்கிச் சொல்லிவிட்டேன். நைனா எழுந்து போய்விட்டார்.

ஆகஸ்டில் எடுத்த டெஸ்டில் ஏன் தெரியவில்லை என்று நீங்கள் கேட்கலாம். கிருமி குறைவாக இருந்தால் சில நேரம் கண்ணில் படாமல் போவதுண்டு. மனிதர் பார்ப்பதுதானே.

பதினான்கு நாள் மாத்திரையை ஒருநாள் கூட விடாமல் சாப்பிடுங்கள்.

உங்கள் மச்சான்
பீமாராவ்


கோண்டாகாவ் முகாம்
2.10.2025

மச்சான் பீமாராவுக்கு,

கடிதம் வந்தது. டீசல் கொண்டுவருகிற லாரிக்காரர் கொடுத்தார். முகாமில் எல்லோரும், "இன்னா செந்தமிழா, கோர்ட்டு நோட்டீஸா?" என்று சுற்றி நின்றார்கள். இந்தக் காலத்தில் யார் யாருக்குக் கடிதம் எழுதுகிறார்கள்?

நன்றாக எழுதியிருக்கிறாய். பள்ளிக்கூடத்தில் எனக்கு இப்படி ஒருத்தர் சொல்லிக்கொடுத்திருந்தால் நான் ரிக்கில் பைப் மாட்டிக்கொண்டிருக்க மாட்டேன். மூன்று பக்கத்தில் இரண்டேமுக்கால் பக்கம் என் காய்ச்சல் எப்படி வந்தது என்று இருக்கிறது. உன் டெஸ்ட் எப்படித் தவறியது என்று இரண்டு வரி. அந்த இரண்டு வரியைத்தான் நான் நாலு தடவை படித்தேன்.

எந்த விரலில் குத்தினாய், மச்சான்?

என் பத்து விரலையும் பார்த்துவிட்டேன். ஆகஸ்டு மாதம் முழுக்க நீ என் கையைத் தொடவே இல்லை. வீட்டுக்கு ஒருநாள் வந்தாய், காபி குடித்தாய், "வைரல் ஃபீவரா இருக்கும் மாமா" என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனாய். அப்புறம் மல்லாட்டைக் கொல்லையில் அத்தனை பேர் முன்னால், "ரத்தம் டெஸ்ட் பண்ணியாச்சுக்கா, ஒண்ணும் இல்ல, நெகட்டிவ்" என்றாய். உன் அக்கா என் மேலிருந்த போர்வையை உருவினாள். நான் எழுந்து மண்வெட்டி எடுத்தேன். மறுநாள் ஒருநாள்தான் வீட்டில் இருந்தேன். அதற்கு அடுத்த நாள் விழுப்புரத்தில் ரயில் ஏறிவிட்டேன். போர்வெல் சீசன் தொடங்க இன்னும் இருபது நாள் இருந்தது.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று நினைப்பாய். உன்னைப் பார்த்த உன் அக்காவின் முகம் அப்படி இருந்தது. நம் தெருவில் முதல் கவர்மெண்டு வேலை உன்னுடையது. நீ மொபெட்டில் வந்து இறங்கினாலே அவளுக்கு ஓர் அங்குலம் கூடிவிடும். அந்த இடத்தில் உன்னைப் பொய்யன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னாலும் நடுங்குகிறவன் பேச்சை யார் கேட்டிருப்பார்கள்?

நான் விழுந்த இடத்துக்குப் பக்கத்து ஊரில் ஓர் அம்மா இருக்கிறார். உன்னைப் போலச் சம்பளம் இல்லை, ஊருக்குச் சுகாதார வேலை பார்க்கிறவர். ஆறு கிலோமீட்டர் மழையில் நடந்து வந்தார். அவர் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவருக்குப் புரியாது. என் கையைப் பிடித்துக் குத்தினார், ஒரு சின்ன அட்டையில் ஒரு சொட்டு விட்டார், கால் மணி நேரம் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கோடு விழுந்ததும் எனக்குக் காட்டினார். அவ்வளவுதான் வேலை.

கேட்டதற்கு மட்டும் பதில் எழுது. அறிவியல் வேண்டாம்.

செந்தமிழன்


செஞ்சி
11.10.2025

மாமா,

என் விரலில் குத்தினேன். இடது கை, மோதிர விரல்.

இதற்கு மேல் எழுத வரவில்லை என்று இரண்டு நாள் காகிதத்தை மடித்து வைத்திருந்தேன். இன்று எழுதிவிடுகிறேன்.

காய்ச்சல் கண்டவர்களிடம் ரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, ஆரம்ப சுகாதார நிலைய லேபுக்குக் கொடுக்க வேண்டும். நாங்கள் ஸ்லைடு என்போம். மாதத்துக்கு இத்தனை ஸ்லைடு என்று கணக்கு உண்டு. அத்தனை பேருக்கு ஊரில் காய்ச்சல் இருக்குமா? இருந்தாலும் குத்த விடுவார்களா? "ஜொரத்துக்கு மாத்திர குடுன்னா ரத்தம் கேக்குறியே" என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நான் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினேன். கணக்கு குறைந்துவிட்டது என்று மீட்டிங்கில் எழுந்து நிற்க வைத்தார்கள். பிறகு ஒரு சீனியர் சொல்லிக்கொடுத்தார். மாதக் கடைசியில் உட்கார்ந்து தன் விரலிலேயே குத்தி, பதிவேட்டில் இருக்கிற பெயர்களை வரிசையாக எழுதிவிட வேண்டியது. ஒரு குத்தில் ஏழு ஸ்லைடு வரும்.

நம் பக்கம் மலேரியா இல்லவே இல்லை என்று எல்லோருக்கும் நினைப்பு. நான் பார்த்து ஒரு ஸ்லைடிலும் வந்ததில்லை. இல்லாத நோயைத் தேட எதற்கு ஊரைக் குத்த வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். லேப் டெக்னீஷியன் மஞ்சு ஒருமுறை, "சார், ஒங்க ஏரியா ஆளுங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி அலர்ஜி செல் அதிகமா இருக்குது, அதிசயமா இருக்கே" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குத்தான் தூசி ஒத்துக்கொள்ளாது, வருடம் முழுக்கத் தும்மல். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் சிரித்ததோடு விட்டாள், நானும் சிரித்ததோடு விட்டேன்.

ஆகஸ்டு 27ஆம் தேதி அக்கா போன் செய்தாள். "மாமாவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தூக்கித் தூக்கிப் போடுது, வந்து பாருடா" என்றாள். அன்று கோட்டைக்கு யாரோ பெரிய அதிகாரி வருகிறார் என்று சக்கரக்குளத்துப் பக்கம் எங்களைக் கொசு மருந்தடிக்க விட்டிருந்தார்கள். மாலையில் களைத்துப் போய் லேபில் உட்கார்ந்தேன். கணக்குக்கு ஒரு பெயர் குறைந்தது. உங்கள் பெயரை எழுதினேன். நாளைக்குப் போய் உண்மையிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் வந்தேன், அன்று நீங்கள் நன்றாக இருந்தீர்கள், பெட்டியைத் திறக்கவில்லை. 30ஆம் தேதி ரிசல்ட் தாளில் 'செந்தமிழன், நெகட்டிவ்' என்று அச்சாகி வந்தது. மாமா, நீங்கள் நம்ப மாட்டீர்கள், அதைப் பார்த்ததும் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. அது என் ரத்தம் என்று தெரிந்தே, உங்களுக்கு ஒன்றுமில்லை என்று நிம்மதியானேன். கொல்லையில் நான் பொய் சொல்வதாகவே அன்று எனக்குத் தோன்றவில்லை. அதுதான் இப்போது பெரிய வெட்கமாக இருக்கிறது.

தயவுசெய்து அக்காவுக்குத் தெரிய வேண்டாம். மேலே தெரிந்தால் வேலை போய்விடும். நான் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். சொல்கிறபடி செய்கிறேன்.

பீமா


கோண்டாகாவ்
19.10.2025

மச்சான்,

முடிவை என் தலையில் கட்டாதே. நான் சொல்கிறபடி செய்வாயாம். நான் 'சொல்லிவிடு' என்றால் உன் வேலையைக் கெடுத்தவன் நான். சொல்லாதே என்றால் உன் பொய்யில் பாதிப் பங்கு எனக்கு. நல்ல பங்கீடு.

விரலை ஒளிக்காமல் எழுதினாய், அதனால் நானும் ஒன்று எழுதுகிறேன். போன வருடம் எங்கள் ரிக்கில் ஒருவர் கை சங்கிலியில் மாட்டி நசுங்கியது. நான்தான் வண்டியை நிறுத்தினேன். ஊருக்கு வந்தபின் திரும்பிப் போகப் பயமாக இருந்தது. ஆம்பளை பயம் என்று எப்படிச் சொல்வது? காய்ச்சல் என்று சொல்லி அக்குளில் வெங்காயத்தை வைத்துக்கொண்டு பத்து நாள் படுத்திருந்தேன். படுக்கையை உதறும்போது உன் அக்கா காலடியில் வெங்காயம் உருண்டது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் கேட்கவில்லை. இந்தத் தடவை அவள் ஏன் போர்வையை உருவினாள் என்று அதனால்தான் எனக்குத் தெரியும். உன் நெகட்டிவ் வந்து விழுந்த இடத்தில் ஏற்கெனவே என் வெங்காயம் கிடந்தது.

நாளைக்குத் தீபாவளி. முகாமை இன்னும் உள்காட்டுக்கு மாற்றுகிறார்கள், அங்கே சிக்னல் கிடையாதாம். மாத்திரை நான்கு நாள் சாப்பிட்டேன், வயிற்றைப் புரட்டியது, நன்றாகவும் ஆகிவிட்டது, விட்டுவிட்டேன்.

செந்தமிழன்


செஞ்சி
23.10.2025
ஸ்பீட் போஸ்ட்

மாமா,

என் போன கடிதத்துக்கு உங்கள் பதில் இன்னும் வரவில்லை. உங்கள் போனும் கிடைக்கவில்லை. கம்பெனி ஆபீசுக்கு அக்கா மூன்று முறை சொல்லியிருக்கிறாள். அவர்கள் சொல்வதற்குள் இது வந்து சேர்ந்தால் இதையே தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள். நிலாவுக்குக் காய்ச்சல். விழுப்புரத்தில் சேர்த்திருக்கிறோம். இன்று காலை முதல் கண் திறந்து பேசுகிறாள். பயப்படாமல் வாருங்கள்.

தீபாவளிக்கு ஐந்து நாள் முன்பு தொடங்கியது. முதலில் தினமும் வந்தது, நேரங்காலம் இல்லாமல். 21ஆம் தேதி மாலை நூற்றைந்து டிகிரி ஏறி வலிப்பு வந்துவிட்டது. அக்கா வாயில் சாவியைத் திணிக்கப் பார்த்தாள், நான் தடுத்து ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். வண்டி வருவதற்குள் நிலாவின் விரலைக் குத்தினேன். ஒரு ஸ்லைடை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனோம், ஒன்றை மறுநாள் காலை மஞ்சுவிடம் கொடுத்தேன். முக்கால் மணி நேரத்தில் கூப்பிட்டு, "சார், நீங்களே பாருங்க" என்று மைக்ராஸ்கோப்பை என் பக்கம் திருப்பினாள். சிவப்பணுவுக்குள் மோதிரம் மோதிரமாக இருந்தது. பத்து வருடத்தில் முதல் தடவையாகப் பார்க்கிறேன், அதுவும் நம் நிலாவின் ரத்தத்தில்.

அறிவியல் வேண்டாம் என்றீர்கள். இதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் உங்களையே குற்றம் சொல்லிக்கொள்வீர்கள். நீங்கள் ஆறு வருடமாக அந்தக் காட்டில் கொசுக்கடி வாங்குகிறீர்கள். உங்கள் உடம்பு இந்தக் கிருமியைப் பலமுறை பார்த்து அரைகுறையாகப் பழகியிருக்கிறது. அதனால்தான் நடுங்கி எழுந்து மண்வெட்டி எடுக்க முடிந்தது. நிலாவின் உடம்பு இதை இப்போதுதான் முதல்முறை பார்க்கிறது. எவ்வளவு எதிர்க்க வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை, இருப்பதையெல்லாம் கொட்டி எதிர்க்கிறது. அந்தக் கொதிப்பு அவள் உடம்பின் பலம்தான். ஆனால் அந்தப் பலமே குழந்தையைத் தூக்கிப் போடுகிறது. உங்களைக் கடித்த கொசு அவளைக் கடித்திருக்கிறது. ஆகஸ்டில் நான் உங்கள் விரலைக் குத்தியிருந்தால் மாத்திரை ஆரம்பித்திருப்பேன், கொசுவுக்கு எடுத்துப்போக ஒன்றும் இருந்திருக்காது. நீங்கள் கொண்டு வந்தீர்கள் என்று நினைக்காதீர்கள். நான் விட்டேன்.

இன்னொன்றும் நடக்கிறது. வெளியூர் போகாத குழந்தைக்கு எப்படி வந்தது என்று மேலேயிருந்து கேட்கிறார்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் இருந்ததா என்று பதிவேட்டைப் பார்த்தார்கள். 'செந்தமிழன், நெகட்டிவ்'. அப்போது வேறு யார்? ரைஸ்மில்லில் வேலை செய்கிற வடநாட்டு ஆட்கள் பதினோரு பேரும்தான் கொண்டுவந்தார்கள் என்று ஊரே சொல்கிறது. பொதுக்குழாயில் அவர்களைத் தண்ணீர் பிடிக்க விடவில்லை. "வியாதிக்காரனுங்க, குடத்தத் தொடாத" என்று ஒருவர் கத்தினார். நான் அந்த இடத்தில் பெட்டியுடன் நின்றுகொண்டிருந்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

பீமா


விழுப்புரம், குழந்தைகள் வார்டு
29.10.2025

மச்சான்,

தகவல் கிடைத்து ஆபீசில் லீவு சொல்லப் போனபோது உன் கடிதத்தைக் கொடுத்தார்கள். ரயிலில் படித்தேன். நேற்றுக் காலை வந்து சேர்ந்தேன். நிலா என்னைப் பார்த்ததும், "நைனா, எனக்கும் ஒன்ன மாதிரியே ஜொரம்" என்றாள், ஏதோ பரிசு வாங்கிய மாதிரி. நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

நான் இருக்கிற நேரம் பார்த்து நீ வருவதில்லை. நான் டீ குடிக்கப் போனபோது வந்து பழம் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். உன் அக்கா என் முகத்தைப் பார்க்காமலேயே பேசுகிறாள். அவளுக்கு மில்லுக்காரர்கள் மேல் கோபம். அவள் திட்டும்போது நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் சொல்ல மாட்டேன். அது நீ சொல்ல வேண்டியது.

அங்கே நான்தான் வடநாட்டு ஆள், பீமா. எங்களை மதராசி என்பார்கள். நான் விழுந்தபோது எவரும் என் குடத்தைத் தள்ளவில்லை.

மீதி மாத்திரையை இங்கே டாக்டரிடம் சொல்லி முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். திட்டினார். உன் அக்கா துணி எடுக்க ஊருக்கு வருகிறாள், கடிதத்தை ஒட்டி அவள் கையில் கொடுக்கிறேன். பிரிக்க மாட்டாள்.

செந்தமிழன்


திண்டிவனம்
7.11.2025

மாமா,

சொல்லிவிட்டேன்.

முதலில் எழுத்தில் கொடுத்தேன். ஆகஸ்டு 27ஆம் தேதி செந்தமிழன் பெயரில் கொடுத்த ஸ்லைடு என் ரத்தம், அதற்கு முன்பும் பல மாதங்கள் இப்படிச் செய்திருக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதிகாரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இத யாரு கேட்டாங்க உன்ன?" என்றார். மறுநாள் சஸ்பெண்ட் ஆர்டர் வந்தது.

பிறகு பொதுக்குழாய்க்குப் போனேன். காலை நேரம், பெண்கள் வரிசையில் நின்றார்கள். மில்லுக்காரர்கள் இருவர் காலிக் கேனுடன் தூரத்தில் நின்றார்கள். "காச்சல் அவங்ககிட்டேர்ந்து வரல. எங்க மாமாவுக்கு வந்திச்சு. நான் டெஸ்ட் பண்ணாமயே பண்ணேன்னு சொல்லிட்டேன்" என்றேன். ஒரு மீட்டிங்கில் பேசுவது மாதிரி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், இவ்வளவுதான் வந்தது. யாரும் திட்டவில்லை. ஒரு கிழவி மட்டும், "அப்ப என் பேர்லயும் ஒன் ரத்தம்தானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பிறகு அவளே நகர்ந்து அந்தக் கேனுக்கு இடம் விட்டாள்.

அக்காவிடம் அன்றே சொன்னேன். நீங்கள் நிலாவுக்கு மாத்திரை வாங்கப் போயிருந்த நேரம். அறைவாள் என்று நினைத்தேன். "அப்ப நான் எதுக்குடா அந்தப் போர்வைய உருவுனேன்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு முறத்தை எடுத்து அரிசி புடைக்க ஆரம்பித்தாள். அந்த அரிசியில் கல் இல்லை மாமா, அவள் புடைத்துக்கொண்டே இருந்தாள்.

இப்போது ஊர் முழுக்க வீடு வீடாக உண்மையாகவே ரத்தம் எடுக்கிறார்கள். மில்லில் பதினோரு பேருக்கும் ஒன்றுமில்லை. நம் தெருவில் இருவருக்கு இருக்கிறது என்று மஞ்சு சொன்னாள். தெருவில் ரத்தம் கொடுக்காதவர் நைனா ஒருவர்தான். என் மேல் உள்ள கோபம். என் முகத்தில் விழிக்கக் கூடாது என்றுதான் நிலத்து மோட்டார் கொட்டகையிலேயே படுத்துக்கொள்கிறார். நான் போனால் முதுகைக் காட்டிக்கொள்கிறார். பேண்ட் போட்ட மகன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவர். என்னால் அதைத் தாங்க முடியாமல் இங்கே நண்பன் அறைக்கு வந்துவிட்டேன். விசாரணை முடியும் வரை இங்கேதான்.

மன்னிக்கச் சொல்லி எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதவில்லை.

பீமா


வல்லம், செஞ்சி வட்டம்
16.11.2025

மச்சான் பீமாராவுக்கு,

இப்போது என் போன் உனக்கு அடிக்கும். பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனாலும் எழுதுகிறேன். போனில் என்றால் நாம் இருவரும் மழை பெய்ததா, பஸ் கிடைத்ததா என்று பேசி வைத்துவிடுவோம்.

நிலா பள்ளிக்கூடம் போகிறாள். என் பதினான்கு நாள் முடிந்தது. உன் அக்கா ஒவ்வொரு மாத்திரையையும் என் கையில் வைத்து, விழுங்கும் வரை நின்று பார்த்தாள். வாயைத் திறக்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான் பாக்கி.

நைனாவுக்கு உன் மேல் கோபம் இல்லை. நீ தப்பாக நினைத்துக்கொண்டு போய்விட்டாய்.

முந்தாநாள் மத்தியானம் அவருக்குச் சோறு கொண்டு போனேன். கொட்டகைக் கதவு உள்ளே சாத்தியிருந்தது. தட்டினேன், சத்தமில்லை. தள்ளித் திறந்தேன். உர மூட்டைச் சாக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டு கிடந்தார். மேலே கிடந்த சாக்கு ஆடுகிறது. பல் அடித்துக்கொள்கிற சத்தம் வாசல் வரை கேட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல மாப்ள, சும்மா படுத்திருந்தேன்" என்றார். அந்த 'ஒண்ணும் இல்ல' வாயிலிருந்து வருவதற்குள் மூன்று துண்டாகிவிட்டது.

மூன்று வாரமாம். ஒருநாள் விட்டு ஒருநாள். வருகிற நாள் பார்த்து நிலத்துக்கு வந்துவிடுவாராம், விட்டதும் குளத்தில் முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வருவாராம். மஞ்சு ரத்தம் எடுக்க வந்தபோது கொல்லைப் பக்கமாகப் போய்விட்டார். கோபத்தால் இல்லை, பீமா. அன்றைக்கு என்னைக் கிண்டல் செய்த வாயால் தனக்கும் அதே காய்ச்சல் என்று அவர் எப்படிச் சொல்வார்? செத்தாலும் பரவாயில்லை என்று வாயை மூடிக்கொண்டு நடுங்கியிருக்கிறார், அறுபத்தெட்டு வயதில்.

நான் வீட்டுக்கு ஓடிப் போய்க் கம்பளி எடுத்து வந்து போர்த்தினேன். நடுக்கம் நிற்கவில்லை. பக்கத்தில் படுத்து அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் நான் அவரைத் தொட்டது அன்றைக்குத்தான். நடுக்கம் என் நெஞ்சு வரை வந்தது. கொஞ்சம் அடங்கியதும் கண்ணைத் திறக்காமலே கேட்டார், "அன்னைக்கு ஒனக்கும் இப்படித்தான் இருந்துச்சா மாப்ள?"

ஆமாம் என்றேன். அவர் சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

நேற்று அவரே மஞ்சுவிடம் கையை நீட்டினார். இருக்கிறது என்று வந்தது. மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது. இன்று முறைப்படி நடுக்கம் வர வேண்டிய நாள், லேசாகத்தான் வந்தது.

உன் கடிதங்களை எல்லாம் எடுத்து மறுபடி படித்தேன். காய்ச்சல் எங்கே பிறக்கிறது, எப்படி ஏறுகிறது, ஏன் ஒருநாள் விடுகிறது என்று எல்லாம் எனக்கு நீ சொல்லியிருக்கிறாய். உன் வெட்கத்தையும் சொல்லியிருக்கிறாய். அந்தக் கிழவர் கேட்டதை ஓரிடத்திலும் நீ என்னைக் கேட்கவில்லை. உன் அக்காவும் இன்னும் கேட்கவில்லை, ஆனால் கேட்பாள் என்று தெரிகிறது.

வேலை வரும் போகும், நீ வா. வந்து கேள், சொல்கிறேன்.

செந்தமிழன்